சரக்கு வண்டியை உயர்த்தலாமா?
பிக்கப் வண்டிக்கு சஸ்பென்ஷன் லிப்ட் கிட் தேர்ந்தெடுப்பது பற்றிய சில குறிப்புகள்

விளைபொருளை மண்டிக்கும் உழவர் சந்தைக்கும் கொண்டு செல்ல சொந்தமாகப் பிக்கப் வண்டி வைத்திருக்கும் விவசாயிகள் இன்று நமது சங்கங்களில் பலர் உள்ளனர். நூல் மூட்டையையும் துணிக்கட்டையும் ஏற்றிச் செல்லும் நெசவாளர் சங்கங்களுக்கும் இத்தகைய வண்டி கைகொடுக்கிறது. கடனில் வாங்கிய வண்டி என்றால், தவணை தீரும் வரை அது உறுப்பினரின் பிழைப்புக்குக் கருவியாகவும் கடனுக்கு ஈடாகவும் விளங்குகிறது. ஆகவே அவ்வண்டியில் செய்யப்படும் எந்த மாற்றமும் அவருடைய சொந்த விருப்பத்தோடு முடிந்துவிடுவதில்லை.

அத்தகைய மாற்றங்களுள் ஒன்று, வண்டியின் உடலைச் சக்கரங்களுக்கு மேல் சில அங்குலங்கள் உயர்த்துவது. அதற்கென விற்கப்படும் உதிரிபாகங்களின் தொகுதியை 'லிப்ட் கிட்' என்பர். கரடுமுரடான தோட்டப் பாதையில் அடிப்பாகம் தட்டுகிறது, மழைக்காலத்தில் சேற்றில் பதிகிறது என்று குறைப்படுவோருக்கு இது எளிய மருந்தாகத் தோன்றும். மருந்து எது, அது எந்த நோயைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது என்பதை அறிந்த பின்னரே பணத்தைச் செலவிட வேண்டும்.

இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது?

பிக்கப் வண்டியை உயர்த்தும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியது. போர்டு நிறுவனத்தின் 'எப்' வரிசை பிக்கப்புகள் 1948இல் வெளிவந்தன. பண்ணை வேலைக்கும் கட்டட வேலைக்கும் அமைந்த வண்டிகளை மலைப்பாதையிலும் மணலிலும் ஓட்ட விரும்பியோர், பெரிய டயர் பொருந்துவதற்காக ஸ்பிரிங்குகளை உயர்த்தினர். மிஸூரி மாநிலத்தைச் சேர்ந்த பாப் சாண்ட்லர் என்பவர் 1974ஆம் ஆண்டுப் போர்டு பிக்கப் ஒன்றைப் படிப்படியாக உயர்த்தி 'பிக்புட்' என்ற பெயரில் காட்சி வண்டியாக்கினார். பயன் கருதித் தொடங்கிய வேலை அலங்காரமாகவும் மாறிய கதை இது. ஆஸ்திரேலியாவில் நீண்ட மண்சாலைகளில் செல்வோர் 1968இல் பிறந்த டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிகளுக்கு இதே வேலையைச் செய்கின்றனர். ஆங்கே அளவுக்கும் சான்றுக்கும் விதிகள் உண்டு. அவற்றைப் பின்னர்க் காண்போம்.

மூன்று வகைகள்

கடையில் ஒரே பெயரால் விற்கப்படுபவை உண்மையில் மூன்று வெவ்வேறு பொருள்கள்.

முதலாவது, சமன்படுத்தும் கிட். பிக்கப் வண்டி காலியாக நிற்கும்போது பின்புறம் சற்று உயர்ந்தே இருக்கும். பாரம் ஏறியதும் பின்புறம் தாழ்ந்து வண்டி சமமாகும் என்று தயாரிப்பாளர் வேண்டுமென்றே அமைத்த உயர்வு அது. முன் ஸ்பிரிங்கின் மேல் தடுக்கு ஒன்றை வைத்து ஒன்று முதல் இரண்டரை அங்குலம் வரை முன்புறத்தை மட்டும் உயர்த்துவது இந்த வகை. காலி வண்டி கண்ணுக்கு அழகாக நிற்கும். பாரம் ஏற்றியதும் முன்புறம் வானைப் பார்க்கும்; விளக்கு எதிரில் வருவோர் கண்ணில் பாயும். சரக்கு ஏற்றுவோருக்கு இதனால் நன்மை இல்லை.

இரண்டாவது, பாடி லிப்ட். சேஸிஸுக்கும் அதன்மேல் அமர்ந்த கூண்டுக்கும் இடையே ஒன்று முதல் மூன்று அங்குலம் வரை கட்டைகளை வைத்து உயர்த்துவது. இதில் ஸ்பிரிங் எதுவும் மாறுவதில்லை. சேஸிஸும் அதன்கீழ் உள்ள உறுப்புகளும் முன்பிருந்த உயரத்திலேயே இருக்கும். பெரிய டயருக்கு இடம் கிடைப்பதே இதன் பயன். தட்டும் கல் தட்டிக்கொண்டேயிருக்கும்.

மூன்றாவதே சரியான பொருளில் சஸ்பென்ஷன் லிப்ட். இதில் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், தேவைப்படின் முன்புறக் கன்ட்ரோல் ஆர்ம், இணைப்புத் தாங்கிகள் ஆகியவை மாற்றப்படுகின்றன. இரண்டு அங்குலம் முதல் ஆறு அங்குலமும் அதற்கு மேலும் உயர்த்தும் தொகுதிகள் உண்டு. அங்குலம் கூடக்கூட மாற்ற வேண்டிய உறுப்புகளின் எண்ணிக்கையும் செலவும் ஏறுகின்றன.

ஸ்பிரிங்கும் அச்சும்

பெரும்பாலான பிக்கப்புகளில் பின்புறம் ஒரே துண்டான அச்சும், அதன்மேல் பட்டை ஸ்பிரிங் கட்டும் அமைந்துள்ளன. இங்கே ஓர் உண்மையை நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அச்சு உயராது. சக்கரத்தின் மையத்தோடு பிணைந்தது அச்சு; அதன் நடுவில் தொங்கும் டிபரென்ஷியல் பெட்டியே பல வண்டிகளில் தரைக்கு மிக அருகில் உள்ள பாகம். அதை உயர்த்துவது டயரின் விட்டம் ஒன்றே.

அதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். 265/65 ஆர் 17 என்ற அளவுள்ள டயரின் விட்டம் ஏறத்தாழ 776 மில்லிமீட்டர். 265/70 ஆர் 17 என்பதன் விட்டம் ஏறத்தாழ 803 மில்லிமீட்டர். வேறுபாடு 27 மில்லிமீட்டர். அதில் பாதி, அதாவது 13 மில்லிமீட்டர் மட்டுமே அச்சு உயரும். அரை அங்குலம்தான். மேலும் வேகமானி பழைய டயருக்கு ஏற்ப அமைந்தது. ஆதலால் அது 60 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 62 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். ஓடிய தூரமும் அவ்விகிதத்தில் குறைவாகவே பதிவாகும். வாடகைக் கணக்கும் டீசல் கணக்கும் அதனால் பிசகும்.

பின்புறத்தை உயர்த்த மூன்று வழிகள் உண்டு. அச்சுக்கும் பட்டைக்கும் இடையே இரும்புக் கட்டை வைப்பது மலிவான வழி. எஞ்சினின் முறுக்கும் பிரேக்கின் இழுப்பும் அச்சைத் திருப்ப முயலும்போது இக்கட்டை நெம்புகோல் போல நின்று பட்டையை வளைக்கும். உயரம் மிகமிக இவ்வளைவும் மிகும். ஒரு கட்டையின் மேல் மற்றொன்றை அடுக்குவது பெருந்தவறு. திசை திருப்பும் முன் அச்சில் கட்டை வைப்பது ஒருபோதும் கூடாது. இரண்டாவது வழி, கட்டில் கூடுதலாக ஒரு பட்டையைச் சேர்ப்பது. உயரத்தோடு கடினமும் கூடும். பழைய பட்டைகள் தளர்ந்திருப்பின் புதியதே பாரம் முழுவதையும் சுமந்து விரைவில் முறியக்கூடும். மூன்றாவது, பட்டைக் கட்டு முழுவதையும் புதியதாக மாற்றுவது. செலவு அதிகம், ஆயினும் மூன்றிலும் சிறந்தது இதுவே.

முன்புறத்தில் சுருள் ஸ்பிரிங் அமைந்த வண்டிகளில் உயர்வு மிகுமானால் பால் ஜாயின்ட்டுகள் சாய்ந்த கோணத்தில் வேலை செய்ய நேரிடும். நான்கு சக்கரமும் இயங்கும் வண்டியாயின் முன் சக்கரங்களுக்குச் செல்லும் தண்டின் மூட்டுகளும் அவ்வாறே சாய்ந்து, ரப்பர் உறை கிழிந்து, மூட்டு விரைவில் தேயும். இரண்டு அங்குல அளவோடு நிற்பவர் பெரும்பாலும் இத்தொல்லையிலிருந்து தப்புகிறார். அதற்கு மேல் செல்வோர் மேலும் பல உறுப்புகளை மாற்றியாக வேண்டும்.

கவிழும் கணக்கு

வண்டி வளைவில் கவிழுமா என்பதை மதிப்பிட எளிய கணக்கு ஒன்று உண்டு. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகமும் வண்டிகளைத் தரப்படுத்த இதனைக் கையாளுகிறது. இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையேயுள்ள அகலத்தை, பளுமையத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கால் வகுக்க வேண்டும். வரும் எண் பெரிதாயின் வண்டி உறுதியாக நிற்கும். சிறிதாயின் எளிதில் சாயும்.

விளக்கத்துக்காக, அகலம் 1,500 மில்லிமீட்டர், காலி வண்டியின் பளுமையம் 700 மில்லிமீட்டர் உயரம் எனக் கொள்வோம். எண் 1.07 ஆகிறது. நான்கு அங்குலம் உயர்த்தினால், அச்சும் சக்கரமும் உயராமல் நிற்பதால் பளுமையம் சுமார் 80 மில்லிமீட்டர் ஏறும், எண் 0.96 ஆகக் குறையும். இனி அதே வண்டியில் முட்டைக்கோஸ் மூட்டைகளைக் கூண்டுக்கு மேல் அடுக்கியிருப்பதாகக் கொள்வோம். பளுமையம் 1,100 மில்லிமீட்டருக்கு ஏறினால், உயர்த்தாத வண்டியிலேயே எண் 0.68தான். உயர்த்திய வண்டியில் அது 0.63 ஆகிறது.

இக்கணக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. மிகையாக அடுக்கிய பாரம், லிப்ட் கிட்டைவிடப் பன்மடங்கு அபாயமானது என்பது முதற் பாடம். பாரத்தால் ஏற்கெனவே குறைந்து நிற்கும் உறுதியிலிருந்து லிப்ட் கிட் மேலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது என்பது இரண்டாவது. கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் வண்டிக்கு அந்தச் சிறு பங்கும் பெரிது. மூட்டைகளின் மேல் கூலியாட்களும் அமர்ந்து வரும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் ஒழியவில்லை என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன்.

அமெரிக்காவில் 2012ஆம் ஆண்டு மாடலிலிருந்து இலகு வாகனங்கள் அனைத்துக்கும் வழுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கருவி கட்டாயமாக்கப்பட்டது. இக்கருவியைத் தயாரிப்பாளர் தொழிற்சாலை உயரத்தில் சோதித்துப் பொருத்துகிறார். உயரமும் டயரும் மாறியபின் அது முன்போலவே பணியாற்றும் என்பதற்குக் கிட் விற்பவர் எழுத்தில் உறுதி தருகிறாரா என்று கேட்பது வாங்குவோர் உரிமை.

பாரத்தின் அளவு உயர்வதில்லை

கடினமான ஸ்பிரிங் போட்டபின் வண்டி அதிகப் பாரம் தாங்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இது தவறு. வண்டியின் மொத்த எடை வரம்பு என்பது சேஸிஸ், அச்சு, தாங்கு உருளை, டயர், பிரேக் ஆகிய அனைத்தையும் கருதி நிர்ணயிக்கப்பட்டது. ஸ்பிரிங் ஒன்றை மாற்றியதால் பிரேக்கின் வலிமை கூடுவதில்லை. பின்புறம் தாழாமல் நிற்பதால் பாரம் மிகுதி என்பது ஓட்டுநருக்குத் தெரியாமல் போவதே இதில் உள்ள தீமை. மேலும், 2019இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி மிகைப்பாரத்துக்கு ரூ. 20,000 அபராதமும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ. 2,000 கூடுதலும் விதிக்கப்படும். பல நடை வாடகையை ஒரே சோதனைச் சாவடியில் கட்ட நேரிடும்.

மற்றொன்றும் உண்டு. வண்டியின் தளம் நான்கு அங்குலம் உயர்ந்தால், ஒவ்வொரு மூட்டையையும் அந்த நான்கு அங்குலத்துக்குக் கூடுதலாகத் தூக்க வேண்டும். தூக்குபவர் பெரும்பாலும் உறுப்பினரும் அவர் குடும்பத்தாருமே.

சட்டம் கூறுவது

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் உயர வரம்பு மாறுபடுகிறது. முன்புறத்தை உயர்த்திப் பின்புறத்தைத் தாழ்த்தும் நாகரிகம் ஓட்டுநரின் பார்வையை மறைக்கிறது என்பதால், வட கரோலினா மாநிலம் 2021 டிசம்பர் முதல் அதனைத் தடை செய்தது. தென் கரோலினா 2023இல் பின்பற்றியது. ஆஸ்திரேலியாவின் பல மாநிலங்களில் ஸ்பிரிங் வழியாக 50 மில்லிமீட்டரும் டயர் வழியாக 25 மில்லிமீட்டரும் என்ற எல்லையைக் கடந்தால் பொறியாளரின் சான்று தேவைப்படுகிறது.

நம் நாட்டின் நிலை இவற்றைவிடக் கண்டிப்பானது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது. கேரளத்திலிருந்து எழுந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதனை வலியுறுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ. 5,000 அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். விபத்து நேர்ந்து இழப்பீடு கோரும் வேளையில், தெரிவிக்கப்படாத மாற்றம் தடையாக எழக்கூடும் என்பதையும் எண்ண வேண்டும். வண்டி போய், இழப்பீடும் வராமல், கடன் மட்டும் எஞ்சி நிற்கும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வேண்டாம்.

ஆகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் எழுத்து மூலமான அனுமதி கையில் இல்லாதவரை, நம் உறுப்பினர் எவரும் இவ்வேலையில் இறங்க வேண்டாம் என்பதே என் துணிபு.

நம் குறைக்கு நேரான பரிகாரம்

மலையடிவாரச் சங்கம் ஒன்றின் தணிக்கையின்போது உறுப்பினர் ஒருவர், “ஐயா, வாங்கின புதுசுல இந்தப் பாதையில வண்டி தட்டினதே இல்லை. இப்ப மட்டும் ஏன் தட்டுது?” என்று வினவினார். வினாவிலேயே விடை இருந்தது. பாதை மாறவில்லை, வண்டி தாழ்ந்திருந்தது. பல்லாண்டுப் பாரத்தால் பட்டைகள் வளைவிழந்து போயிருந்தன. அவற்றைத் தயாரிப்பாளர் குறித்த அளவிலேயே புதுப்பித்தால் இழந்த உயரம் திரும்பும், சட்டத்துக்கும் மாறில்லை.

இதனைச் சோதிப்பது எளிது. சமதரையில் காலி வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் வளைவு வரை நான்கு மூலைகளிலும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். வழக்கமான பாரத்தை ஏற்றி மறுபடியும் அளக்க வேண்டும். இடதும் வலதும் வேறுபட்டாலும், அதே மாதிரிப் புதிய வண்டியின் அளவோடு ஒப்பிடுகையில் தாழ்ந்திருந்தாலும், குறை ஸ்பிரிங்கில் உள்ளது. முறிந்த பட்டை, தேய்ந்த புஷ், எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பர், காற்றுக் குறைந்த டயர் ஆகியவற்றையும் அப்போதே பார்த்துவிடலாம். இவை யாவும் சரியாக இருந்தும் வண்டி தட்டுமாயின், அப்பாதைக்கு அவ்வண்டி பொருந்தாது என்பதே பொருள். அடுத்த முறை வாங்கும்போது, தொழிற்சாலையிலிருந்தே உயர்ந்த அமைப்புடன் வரும் வண்டியைத் தேர்வது நன்று. பாதையின் இரண்டொரு பள்ளங்களை உறுப்பினர்கள் கூடி மண்ணிட்டு நிரப்புவது அதனினும் மலிவு.

அனுமதியுள்ள இடத்தில் தேர்வு செய்யும் முறை

சட்டம் இடந்தரும் நாடுகளில் வாழ்வோரும், உரிய அனுமதி பெற்றோரும் பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்.

1. தேவைக்குப் போதுமான மிகக் குறைந்த உயரத்தையே தேர்ந்தெடுங்கள். பெரும்பாலான வேலைக்கு இரண்டு அங்குலம் போதும்.

2. வண்டியில் எப்போதும் இருக்கும் பாரம் எவ்வளவு என்று முதலில் எடை போடுங்கள். ஸ்பிரிங்குகள் அந்த நிலையான பாரத்துக்கு ஏற்பவே தரம் பிரித்து விற்கப்படுகின்றன. 500 கிலோ நிலைப்பாரத்துக்கான ஸ்பிரிங்கைக் காலி வண்டியில் பூட்டினால் வண்டி துள்ளும். துள்ளும் சக்கரத்தில் பிரேக் பிடிக்காது.

3. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றுக்கொன்று பொருந்தும் நீளத்தில், ஒரே தொகுதியாக இருக்கட்டும். உயர்ந்த ஸ்பிரிங்குக்குப் பழைய ஷாக் அப்சார்பர் நீளம் போதாமல் இழுபட்டு உடையும்.

4. சக்கரம் முழுவதும் தொங்கும் நிலையில் பிரேக் குழாயும் மின்கம்பியும் இழுபடாமல் தளர்வாக உள்ளனவா என்று பாருங்கள். தேவையான நீளக் குழாய் கிட்டில் இல்லையெனில் அது முழுமையான கிட் அன்று.

5. புரொபெல்லர் ஷாப்ட்டின் கோணம் மாறுவதால் அதிர்வு தோன்றலாம். அதனைத் திருத்தும் ஆப்புகளோ தாங்கிகளோ உடன் வருகின்றனவா என்று கேளுங்கள்.

6. பழைய யூ போல்ட்டுகளைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். புதியவற்றைக் குறித்த இறுக்கத்தில் முடுக்கி, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் முடுக்க வேண்டும்.

7. வேலை முடிந்ததும் சக்கரக் கோணங்களைச் சரிபார்த்து, முகப்பு விளக்கைத் தாழ்த்தி, வேகமானியைத் திருத்தி, இவற்றுக்குரிய ரசீதுகளைப் பாதுகாத்து வையுங்கள். இச்செலவுகளை முதலிலேயே கிட்டின் விலையோடு கூட்டிப் பார்த்தால்தான் உண்மை விலை தெரியும்.

8. காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, ஒப்புதலைப் பெற்ற பின்னரே வண்டியைச் சாலைக்குக் கொண்டுவாருங்கள்.

சங்கங்களின் நிர்வாகக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். வாகனக் கடன் வழங்கும்போது, கடன் தீரும் வரை வண்டியின் அமைப்பைக் குழுவுக்குத் தெரிவிக்காமல் மாற்றுவதில்லை என்ற உறுதியை உறுப்பினரிடம் பெற்றுப் பதிவு செய்தல் நலம். ஸ்பிரிங் பழுதுக்காகச் சிறு கடன் கேட்டு வரும் உறுப்பினரை அலையவிடாமல், பழுதின் மதிப்பீட்டைப் பார்த்து விரைவில் வழங்கினால், குறுக்கு வழியைத் தேடும் அவசியம் அவருக்கு நேராது. அறுவடை தொடங்குமுன் ஒரு நாளைக் குறித்து, உறுப்பினர்களின் வண்டிகள் அனைத்தையும் சங்க வளாகத்தில் நிறுத்தி, அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரைக் கொண்டு நான்கு மூலை உயரத்தையும் அளந்து பதிவேட்டில் குறித்து வைக்கலாம். அடுத்த ஆண்டு அதே நாளில் மீண்டும் அளக்கும்போது, எந்த வண்டி எவ்வளவு தாழ்ந்தது என்பதை அப்பதிவேடே காட்டிவிடும்.